பஸ் கட்சிக்காரி

ஒரே மாதத்துக்குள் என்னை நான்கு கட்சிகளில் சேர்த்துவிட்டார்கள். எந்தக் கட்சி அலுவலகத்தின் வாசலையும் நான் மிதித்ததில்லை. நான் கேட்டது ஒரு பஸ். அதுவும் புது பஸ் இல்லை. காலையில் எங்கள் தோட்டத்தின் கீழ்ச்சந்தி வரை வந்து, அங்கேயே திரும்பி, ராகலை வழியாக நுவரெலியா போகிற பஸ்ஸை இன்னும் கொஞ்சம் மேலே ஏற்றி அனுப்புங்கள் என்றுதான் கேட்டேன்.

தோட்டத்தின் ஒவ்வொரு டிவிசனையும் நாங்கள் கணக்கு என்போம். நாங்கள் இருப்பது மேல் கணக்கு. கீழ்ச்சந்திக்கு இறங்க ரோட்டு வழியாக ஒரு மணி நேரம், தேயிலைக்குள் குறுக்குப் பாதையில் முக்கால் மணி நேரம். பஸ் ஆறு மணிக்கு. அப்படியானால் என் மகள் ஐந்து மணிக்கு வீட்டிலிருந்து இறங்க வேண்டும். அவள் நுவரெலியாவில் உயர்தரம் படிக்கிறாள், உயிரியல் பிரிவு. அவளோடு இன்னும் இரண்டு பிள்ளைகள் போய்வந்தார்கள். ஒருத்தி போன வருடமே நின்றுவிட்டாள், மற்றவள் தை மாதத்தோடு நின்றாள். அதற்குப் பிறகு என் மகள் தனியாக டோர்ச் லைட்டைப் பிடித்துக்கொண்டு இறங்கினாள். அவளுடைய அப்பாவுக்கு ஸ்டோரில், தேயிலை அரைக்கிற பேக்டரியில், இரவு வேலை, காலை ஏழுக்குத்தான் வருவார். நானோ தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவில் டீச்சர். அம்மாமார் காலையில் பெயர் கொடுத்து வேலை பிரிக்கிற பெரட்டுக்குப் போகுமுன் பிள்ளைகளைக் கொண்டுவந்து விடுவார்கள், நான் ஆறரைக்குக் கதவைத் திறந்தாக வேண்டும்.

ஒரு நாள் பின்னேரம் அவள் சப்பாத்தைக் கழற்றாமல் அடுப்படியில் வந்து நின்றாள். காலையில் பாதையில் சிறுத்தை படுத்திருந்ததாம். டோர்ச்சை அணைக்காமல் அப்படியே நின்றாளாம், அது எழும்பி மெதுவாகத் தேயிலைக்குள் போனதாம். பஸ்ஸும் போய்விட்டது. பாதி நாள் சந்திக் கடையிலேயே உட்கார்ந்திருந்தாளாம்.

"நான் படிப்ப நிப்பாட்டிட்டு கொழும்புக்குப் போறேம்மா. கார்மெண்ட்ல ஆள் எடுக்கிறாங்களாம். நின்னவங்க ரெண்டு பேரும் அங்கதான் இருக்காங்க" என்றாள்.

அழுதிருந்தால் தேற்றியிருப்பேன். அவள் அழவில்லை, கணக்குப் போட்டு முடித்தவள் போலச் சொன்னாள். எனக்குக் கோபம் உச்சிக்கு ஏறியது. யார் மேல் என்று தெரியாத கோபம். கொழுந்து ஏற்றுகிற லொறி நாளைக்கு இரண்டு தடவை மேல் கணக்குக்கு வருகிறது. கொழுந்துக்கு ரோடு இருக்கிறது, பிள்ளைக்கு இல்லையா? இந்த மாத முடிவு வரைக்கும் பொறு என்று அவளிடம் தவணை கேட்டேன். சரி என்றாள். அன்று ராத்திரியே மகளுடைய கொப்பியில் நடுவிலிருந்து பத்துப் பக்கங்களைப் பிய்த்து எடுத்தேன்.

பஸ் கேட்டு ஒரு மகஜர், மேல் கணக்கு முழுவதும் கையெழுத்து. இதுதான் என் திட்டம். எனக்கு இதைவிட வசதியான இடம் கிடையாது. காலையில் எல்லா அம்மாமாரும் என் வாசலுக்குத்தானே வருகிறார்கள். முதல் நாளே நான்கு பக்கம் நிரம்பிவிட்டது. எனக்குக் கால் தரையில் பாவவில்லை. பிள்ளைகளுக்குப் பால் கரைக்கும்போதே பஸ் ஏறுகிற சத்தம் காதில் கேட்டது.

அங்கேதான் நான் ஒரு தப்புச் செய்தேன். எங்கள் ஆட்கள் எதில் கையெழுத்துப் போட்டாலும் பக்கத்தில் தோட்டப் பதிவில் ஆளுக்குள்ள செக்ரோல் நம்பரையும் எழுதுவார்கள். சம்பளச் சீட்டோ, கோயில் திருவிழா லிஸ்ட்டோ, கண் பரிசோதனைக்குப் பெயர் கொடுப்பதோ, எதுவானாலும் பெயர், நம்பர், கையெழுத்து. ஒரே கணக்கில் ஒரே பெயரில் ஐந்து பேர் இருக்கும்போது நம்பர்தான் ஆளைக் காட்டும். அதனால் நானே அடிமட்டம் வைத்துக் கோடு போட்டு, நம்பருக்கென்று தனியாக இடம் ஒதுக்கியிருந்தேன். எத்தனை ஒழுங்கு பார் என்று எனக்கே பெருமை. ஒரு தொழிற்சங்கத்திலிருந்து இன்னொரு சங்கத்துக்கு மாறுகிறவர்கள் கொடுக்கிற லிஸ்ட்டும் அச்சாக அப்படியேதான் இருக்கும் என்பது என் மூளைக்கு எட்டவில்லை.

அன்று பின்னேரமே தலைவர் வந்தார். எங்கள் கணக்கில் அதிகம் பேர் இருக்கிற சங்கத்தின் தோட்டத் தலைவர். ஐம்பது வயதுக்கு மேல், மெலிந்த ஆள், மழையோ வெயிலோ தலையில் ஒரு கம்பளித் தொப்பி. பிள்ளைக் காம்பராவுக்குள் வருமுன் செருப்பைக் கழற்றிவிட்டு வந்தார்.

"டீச்சர், புதுசா சங்கம் ஒண்ணு தொடங்குறீங்களாமே?"

"யாருங்க சொன்னது? இது பஸ்ஸுக்கு மகஜரு."

"பஸ்ஸுக்கு எதுக்குங்க செக்ரோல் நம்பரு? பஸ்ஸா பெரட்டுக்கு வரப்போகுது?"

நான் முதல் பக்கத்தைக் காட்டினேன். மேலே பெரிய எழுத்தில் பஸ் என்று இருந்தது. அவர் அடுத்த பக்கங்களைப் புரட்டினார்.

"இந்தப் பக்கத்துல பஸ்ஸுன்னு ஒரு எழுத்து இல்லையே. மொதப் பக்கத்தக் கிழிச்சுட்டு வேற எதயாவது வச்சுக் கட்டினா, மேல் கணக்கு முழுக்க சங்கம் மாறினதாப் போயிருங்க."

அவர் சொன்னது நியாயம். அன்றைக்கு அதை ஒப்புக்கொள்ள என் வாய் வரவில்லை. "ஒங்களுக்கு ஒங்க சந்தாதான் பெருசு" என்றேன். அவர் செருப்பைப் போட்டுக்கொண்டு போனார்.

மறுநாள் காலையில் பெண்கள் பிள்ளையை இடுப்பில் வைத்தபடியே, "டீச்சர், எம்பேர வெட்டிருங்க" என்று வரிசையில் நின்றார்கள். சங்கத்தை உடைக்க வந்தவள் என்று லயத்துக்கு லயம் பேச்சு. இது முதல் கட்சி, எங்கள் பக்கம் சங்கம் என்றாலே கட்சிதானே. நான் விடவில்லை. புதுத் தாள் எடுத்து, ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும் பஸ் என்று எழுதி, நம்பருக்கான கோட்டை எடுத்துவிட்டேன். அதற்குப் பிறகும் பாதிப் பேர் கை பழக்கத்தில் கையெழுத்துக்குப் பக்கத்தில் நம்பரை எழுதிவிட்டு நாக்கைக் கடித்தார்கள். அழிறப்பர் வைத்துக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன்.

அதற்குள் இரண்டாவது கட்சி வந்தது. தோட்டம் எனக்குச் சம்பளம் கொடுக்கிறதே, அதனால் நான் கம்பெனி ஆள். தலைவர்மாரை மீறிக் கையெழுத்து வாங்கச் சொல்லித் தோட்ட மனேஜர் துரையே என்னை ஏவிவிட்டாராம். மூன்றாவது இன்னும் வேடிக்கை. டிப்போவுக்குக் கொடுக்க மகஜரைச் சிங்களத்தில் எழுத வேண்டும். டவுனில் கொமினிகேசன் என்கிற போன், டைப் கடை வைத்திருக்கிற முஸ்லிம் நானாதான் டைப் அடித்துத் தந்தார். தமிழிலும் ஒரு பிரதி அடித்துக் கோயில் சுவரில் ஒட்டினேன். அதில் 'பிள்ளைகளின் கல்வி உரிமை' என்று ஒரு வரி. அதைப் படித்த ஒருவர், "உரிமைன்னு எழுதியிருக்கு. அது சிவப்புக்காரங்க பேச்சு" என்றாராம். இன்னொருவர், "டைப் அடிச்சது நானா கடையில. நானா போன எலெக்சன்ல எந்தக் கொடி கட்டினாருன்னு நமக்குத் தெரியாதா?" என்றாராம். ஒரே தாளை வைத்து ஒரே நாளில் இரண்டு கட்சி. நானாவிடம் போய்ச் சொன்னபோது அவர் விழுந்து விழுந்து சிரித்தார். போன தேர்தலில் மூன்று கட்சிக் கொடியும் கட்டியிருந்தாராம், எல்லாரும் வாடிக்கைக்காரர்கள் ஆயிற்றே.

எங்கள் பக்கம் புதிதாக ஒருவரைப் பார்த்தால் ஊர் எது என்று கேட்குமுன் யாருடைய ஆள் என்று கேட்பார்கள். பதில் கிடைத்தால்தான் நிம்மதி. சிவப்பு என்றால் என்ன கொள்கை, கம்பெனி ஆள் என்றால் கம்பெனிக்கு என்ன செய்தவன் என்று ஒருவரும் கேட்பதில்லை. முகம் கொடுத்துப் பேசாதவன் சிவப்பு, வேலை மேற்பார்க்கிற கண்டாக்கு ஐயாவோடு சிரித்துப் பேசினவன் கம்பெனி. லயத்துக் கதவில் சுகாதாரக்காரர்கள் ஒட்டிவிட்டுப் போகிற துண்டு மாதிரி ஒட்டிவிட்டுப் போய்விடுவார்கள். ஊர் வாயை மூட உலைமூடி ஏது? இதையெல்லாம் நான் அன்றைக்கு வாய் வலிக்கப் பேசினேன். சொல்லுக்கு அர்த்தம் தெரியாமல் சொல்லக் கூடாது என்று என் மகளுக்கே ஒரு பிரசங்கம் செய்தேன். அவள் உயிரியல் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்காமல் உம் கொட்டினாள்.

எப்படியோ பத்துப் பக்கமும் நிரம்பியது. மகஜரை எடுத்துக்கொண்டு டிப்போவுக்குப் போனேன். அங்கே இருந்த பெரியவர் சிங்களவர், கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிவிட்டுப் பத்துப் பக்கத்தையும் எண்ணிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்து, "மொன பக்ஷயெத?" என்றார். எந்தக் கட்சி என்று கேட்கிறார். இங்கேயுமா என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"பஸ் பக்ஷய, மஹத்தயா" என்றேன்.

அவர் சிரிக்கத் தொடங்கினார். பக்கத்து மேசைக்காரரைக் கூப்பிட்டு, பஸ் கட்சியிலிருந்து ஆள் வந்திருக்கிறது என்று சொல்லிச் சிரித்தார். எனக்கு ஒரு பிளேன்டீ வந்தது. பஸ் விட அவர்களுக்குத் தடை இல்லை, ஆனால் மேலே போன பஸ் திரும்புவதற்கு இடம் வேண்டும், அந்த இடத்தைத் தோட்டம் கொடுக்கிறது என்று கடிதம் வேண்டும் என்றார். கடிதம் வந்த வாரமே ஒரு பஸ்ஸை அனுப்பிப் பார்க்கிறோம் என்றார். நான் திரும்பி வரும்போது பஸ்ஸில் உட்காரவே முடியவில்லை, இடம் இருந்தும் நின்றுகொண்டே வந்தேன். சந்தியிலிருந்து குறுக்குப் பாதையில் ஏறும்போது மூச்சு வாங்குவதுகூடத் தெரியவில்லை. அந்தக் கதை எனக்கு முன்பே மேல் கணக்கை எட்டிவிட்டது. அடுத்த நாள் காலையில் பிள்ளையை விட வந்த பெண்கள், "பஸ் கட்சிக்காரி வந்துட்டாங்க" என்று கேலி செய்தார்கள். இந்தக் கட்சியில் சேர எனக்கு ஆட்சேபணை இல்லை.

கடிதத்துக்காகத் தோட்டத்து ஒப்பீசுக்குப் போனேன். கிளாக்கர் ஐயா விண்ணப்பத்தை வாங்கி வைத்துக்கொண்டு, "தலைவர்மாரு ஒண்ணும் எதிர்ப்புச் சொல்லலேன்னா தொர பார்ப்பாரு" என்றார். ஒரு வாரம் போனது. ஒன்றும் நடக்கவில்லை. மாதம் முடிய ஆறு நாள் இருந்தது. மகள் ஒரு பையை எடுத்துத் துவைத்துக் காயப் போட்டிருந்தாள். கொழும்புக்கு என்று கேட்காமலே தெரிந்தது.

மறுநாள் பத்து மணிக்குத் திரும்பவும் ஒப்பீசுக்குப் போனேன். உள்ளே போகுமுன் ஜன்னல் வழியாகக் கண்ணில் பட்டது. துரைக்கு முன்னால் தலைவர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் தேத்தண்ணீர்க் கோப்பை. மேசையில் என்னுடைய விண்ணப்பம். தலைவர் அதன் மேல் குனிந்து ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார், துரை தலையாட்டினார்.

எங்கள் தோட்டத்தில் துரைக்கு முன்னால் யாரும் உட்கார மாட்டார்கள். உட்காரக் கூடாது என்று சட்டம் எதுவும் இல்லை, சொல்லப்போனால் இந்தத் துரை இளம் வயது, உட்காரச் சொல்லுவார். ஆனாலும் நிற்பதுதான் வழக்கம். தலைவர்மார் முக்கியமாக நிற்பார்கள். உட்கார்ந்து பேசினால் பேரம் பேசினதாக அர்த்தம் என்று நாங்கள் சின்ன வயதிலிருந்து கேட்டு வளர்ந்தவர்கள். அதைப் பார்த்ததும் என் தலைக்குள் எல்லாம் பொருந்திவிட்டது. நான் கையெழுத்து வாங்கினது இவருக்குப் பொறுக்கவில்லை, பஸ்ஸைக் கெடுக்க வந்திருக்கிறார். உள்ளே போகாமலே திரும்பினேன்.

பகல் கொழுந்து நிறுக்கிற நேரம். நிறுவைக் கொட்டகையான மடுவத்தில் பெண்கள் கொழுந்துச் சாக்கோடு வரிசையில் நின்றார்கள். தலைவரும் ஒப்பீசிலிருந்து நேரே அங்கே வந்திருந்தார், தராசைப் பார்க்க அவர் தினமும் வருவார். நான் பிள்ளைக் காம்பராவை ஆயாவிடம் விட்டுவிட்டு விறுவிறுவென்று மடுவத்துக்குள் போனேன்.

"எங்க புள்ளைங்க படிப்பக் கெடுக்க தொரைக்கு முன்னால ஒக்காந்து டீ குடிச்சீங்களே, இனிக்குதா?" என்றேன்.

தராசடியில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். "டீச்சர், அத அப்புறம் பேசுவோம்" என்றார் தலைவர்.

"என்னத்த அப்புறம் பேசுறது? நீங்க ஒரு கருங்காலி."

சொன்னதும் எனக்கே அந்தச் சொல்லின் கனம் கேட்டது. மற்றச் சொற்கள் மாதிரி இது அர்த்தம் தேய்ந்த சொல் இல்லை. ஊரே வேலைநிறுத்தத்தில் நிற்கும்போது களவாகப் பெரட்டுக்குப் போகிறவன்தான் கருங்காலி. அப்படிப்பட்டவனுடைய வீட்டு நல்லது கெட்டதுக்கு ஒருவரும் போக மாட்டார்கள், அவன் பிள்ளைக்குப் பெண் கொடுக்க மாட்டார்கள். நான் பள்ளிக்கூடம் போகிற காலத்தில் பெரிய வேலைநிறுத்தம் ஒன்று நடந்தது. அதில் வேலையிலிருந்து நிறுத்தப்பட்டவர்களில் இவரும் ஒருவர். மற்றவர்கள் ஒவ்வொருவராக மன்னிப்புக் கடிதம் எழுதிக் கொடுத்துத் திரும்பினார்கள். இவர் எழுதவில்லை. ராகலைப் பக்கம் மரக்கறித் தோட்டங்களில் மண் கொத்தினார், கடைசியில் தோட்டமே இவரைக் கூப்பிட்டுக்கொண்டது. இது எனக்குத் தெரியாததில்லை. தெரிந்தேதான் சொன்னேன்.

"அந்த வார்த்த வேணாம் டீச்சர்" என்றார் அவர், மிகவும் மெதுவாக.

"நூறு தரம் சொல்லுவேன். கருங்காலி."

அவர் தொப்பியைச் சரிசெய்துகொண்டு வெளியே போனார். அவருடைய மனைவி வரிசையில் நின்றுகொண்டிருந்தார். தன்னுடைய சாக்கை நிறுக்கும் வரை நின்றிருந்து, நிறுத்த பிறகு போனார். சாக்குகளுக்குப் பின்னால் ஒரு இளம் பெண் போனை உயர்த்திப் பிடித்திருந்ததை அப்போது நான் பார்த்தேன். பார்த்தும், எடுத்தால் எடுக்கட்டும் என்றுதான் நினைத்தேன். வென்றுவிட்டது போல இருந்தது, அதையும் மறைப்பதற்கில்லை.

இரண்டு நாள் கழித்து கிளாக்கர் ஐயா ஆள் விட்டார். போனால், முத்திரை வைத்த கடிதத்தை நீட்டினார். பழைய பெரட்டுக் களத்தை பஸ் திரும்பத் தோட்டம் கொடுக்கிறது என்று சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் இருந்தது. கூடவே ஒரு படம். பென்சிலில் ரோடு, களம், ஓரத்தில் ஒரு கோடு.

"இது என்னங்கய்யா?"

"அது தலைவரு வரைஞ்சது. களத்துக்கு அடியில பழைய தண்ணிக் கான் ஒண்ணு ஓடுதாம், கனம் தாங்காதாம். எந்தப் பக்கமா பஸ்ஸு திரும்பணும்னு அவருக்குத்தான் தெரியும். மூணு தடவ வந்தாரு இதுக்காக. கடேசி நாளு தொரயே ஒக்கார வச்சுப் படம் வாங்கினாரு."

"ஏன் எங்கிட்ட சொல்லல?"

"ஒங்க மகஜருக்கு ஒதவி செய்றாருன்னு தெரிஞ்சா அவரு ஆளுங்களே அவர சந்தேகப்படுவாங்க. கடுதாசி கைக்கு வாற வரைக்கும் வெளிய சொல்லாதீங்கன்னாரு."

எனக்குக் காது சூடாகிவிட்டது. மற்றவர்கள் ஒட்டின துண்டுகளைப் பிய்த்துப் பிய்த்துப் போட்டு நியாயம் பேசினவள் நான். அந்த மனிதர் ஒட்டுக்குப் பயந்து ஒளித்துச் செய்த நல்லதைப் பார்த்து, இருப்பதிலேயே கழற்ற முடியாததை ஒட்டிவிட்டேன். அவசரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பார்கள். எனக்கு அது மட்டுகூட இல்லை.

அன்றைக்கே தலைவருடைய லயத்துக்குப் போனேன். அவர் வீட்டில் இல்லை. அவர் மனைவி என்னை உள்ளே கூப்பிடவில்லை. கொழும்பில் கடையில் வேலை செய்கிற அவர்களுடைய மகன் காலையில் வீட்டுக்குப் போன் எடுத்தானாம். முதலாளி, கூட வேலை செய்கிறவர்கள், எல்லார் போனிலும் அந்த வீடியோ ஓடுகிறதாம். யாரோ ஒரு கட்சிக்காரர்கள் அதை எடுத்து, 'மலையகத் தலைவர்களின் உண்மை முகம்' என்று தலைப்புப் போட்டு விட்டிருக்கிறார்கள். எதிர்க் கட்சிக்காரர்கள் அதே வீடியோவுக்கு வேறு தலைப்புப் போட்டு விட்டிருக்கிறார்கள். என் குரல் எல்லாவற்றிலும் தெளிவாகக் கேட்டது.

"அவரு மகங்கிட்ட என்ன சொன்னாருங்க?"

"அவரு போனக் கையில வாங்கவே இல்ல" என்றார் அவர், கதவைப் பிடித்தபடி.

மறுநாள் பகல் நிறுவை நேரத்தில் திரும்பவும் மடுவத்துக்குப் போனேன். அதே பெண்கள், அதே தராசு. போன் வைத்திருந்த பெண்ணைத் தேடிப் பிடித்து, "இன்னைக்கும் எடு" என்றேன். தலைவரும் இருந்தார். அவர் கடிதத்துக்காக அலைந்ததையும், படம் வரைந்ததையும், நான் பார்த்ததைத் தப்பாகப் பார்த்ததையும் சத்தமாகச் சொன்னேன். "நான் சொன்னது பொய். அந்த வார்த்த அவருக்கு இல்ல. எல்லார் முன்னாலயும் மன்னிப்புக் கேக்கிறேன்" என்றேன். பெண்களில் சிலர் சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்கள்.

தலைவர் என்னைப் பார்க்காமல் தராசைப் பார்த்தார். "சரிங்க டீச்சர். கொழுந்து வாடுது, நிறுக்கட்டும்" என்றார்.

அந்த வீடியோவையும் அந்தப் பெண் போட்டாள். அதை யாரும் எடுத்துப் பரப்பவில்லை. மன்னிப்புக்குத் தலைப்புப் போட எந்தக் கட்சிக்கும் அவசரம் இல்லை.

மாதத்தின் கடைசி நாள் பின்னேரம் டிப்போ பஸ்ஸை அனுப்பிப் பார்த்தது. அந்த நாளை நினைத்தால் இப்போதும் எனக்கு மயிர்க்கூச்செறிகிறது. மேல் கணக்கே ரோட்டில் நின்றது. கொழுந்து லொறியின் சத்தத்தையே கேட்டுப் பழகின பிள்ளைகள், வேறு சத்தம் வளைவுக்குக் கீழே கேட்டதும் ஓடினார்கள். வாழை மரம் கட்டியாயிற்று, வெடி தயார். மூன்று சங்கத்துக்காரர்களும் மூன்று தேங்காயோடு நின்றார்கள். எங்கள் அமைச்சர் தந்த பஸ் என்று ஒரு பக்கம், நாங்கள் போராடி எடுத்த பஸ் என்று இன்னொரு பக்கம். யார் முதலில் உடைப்பது என்று சண்டை முற்றியபோது, சிங்கள டிரைவர் இறங்கிவந்து ஒரு தேங்காயைப் பிடுங்கித் தானே உடைத்துவிட்டு ஏறிக்கொண்டார். கூட்டம் சிரித்துக் கைதட்டியது. நான் அழுதுகொண்டே கைதட்டினேன்.

தலைவர் தேங்காய்ப் பக்கம் வரவில்லை. களத்தின் ஓரத்தில், கான் ஓடுகிற கோட்டின் மேல் காலை அகட்டி நின்று, இரண்டு கையையும் ஆட்டி பஸ்ஸைப் பின்னுக்கு எடுத்தார். "வரட்டும், வரட்டும், இன்னுங் கொஞ்சம், போதும்." பஸ் ஒரே திருப்பில் திரும்பியது. காலை ஆறே காலுக்கு அது களத்திலிருந்து புறப்படும் என்று அறிவித்தார்கள். மகள் காயப் போட்டிருந்த பையில் புத்தகங்களை அடுக்கினாள்.

இதெல்லாம் நடந்து மூன்று மாதம் இருக்கும். ஒரு சனிக்கிழமை மகளோடு நானும் நுவரெலியாவுக்குப் போனேன், அவளுக்குக் காலை வகுப்பு, எனக்கு ஆஸ்பத்திரி. சந்தியில் வேறு தோட்டத்துப் பெண்கள் இருவர் ஏறி எங்களுக்கு முன் சீட்டில் உட்கார்ந்தார்கள். ஒருவர் திரும்பி மகளிடம் பேச்சுக் கொடுத்தார்.

"எங்க இருந்து வாற பஸ்ஸும்மா இது?"

மகள் தோட்டத்தின் பெயரைச் சொன்னாள். அந்தப் பெண்ணின் முகம் மலர்ந்தது.

"ஓ, அந்தக் கருங்காலித் தலைவரு இருக்கிற தோட்டமா? போன்ல பாத்தோமே. அந்தப் பொம்பள நல்லா நாக்கப் புடுங்குற மாதிரி கேட்டுச்சு."

நான் ஜன்னல் பக்கம் திரும்பினேன். என்னை அடையாளம் தெரியவில்லை, தப்பித்தேன் என்றுதான் முதலில் நினைத்தேன். மகளும் பேசாமல் இருந்துவிடுவாள் என்று நினைத்தேன்.

"அவரு கருங்காலி இல்லீங்க" என்றாள் மகள். பஸ்ஸின் இரைச்சலுக்கு மேலே, முன்னும் பின்னும் கேட்கிற மாதிரி. "இந்த பஸ்ஸு திரும்புற எடத்த வாங்கித் தந்தவரே அவருதான். அந்த வீடியோவுல வாறது பொய். நான் தெனமும் இந்த பஸ்ஸுல யாராவது ஒருத்தருக்குச் சொல்லிக்கிட்டுத்தான் போறேன்."

"ஒனக்கு எப்படிம்மா தெரியும்?"

மகள் என்னைப் பார்த்தாள். கோபமாகப் பார்க்கவில்லை. நான் சொல்ல வேண்டியதை நான் சொல்வதற்கு இடம் விட்டு, காத்திருந்தாள்.

"அந்தப் பொம்பள நாந்தாங்க" என்றேன்.